நீர்விழுங்கிப் பாறைக்கு ஐந்து மதிப்பெண்

புவி அறிவியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பூகம்பம். பெயர் வைத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை, தினமும் அளக்கவும் செய்தார்கள். காலையில் டீச்சர் மாடிப்படி ஏறும் செருப்புச் சத்தத்தைக் கேட்டே ஜன்னலோரத்துப் பையன் ஒருவன் விரல் காட்டுவான். மூன்று விரல் என்றால் வீட்டுப்பாடம் எழுதாதவன் பிழைத்தான். ஐந்து என்றால் பேனா கீழே விழக்கூடாது. ஏழுக்கு இரண்டு கையும் வேண்டும். அன்று பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியாரே குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

டீச்சருக்கு இது தெரியாமல் இல்லை. ஒருநாள் பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பாமல், "ஜன்னல் பக்கம், அளவு தப்பு. இன்னைக்கு ஆறு," என்றார். அதற்குப் பிறகு அந்தப் பையனுக்கு ஒரு வாரம் விரலே நிமிரவில்லை.

ஆனால் பூகம்பம் காரணமில்லாமல் ஆடுகிற ரகம் கிடையாது. இரைச்சலுக்கு மூன்று, பொய்ச் சாக்குக்கு நான்கு என்று ஒரு கணக்கு உண்டு. ஏழு மட்டும் ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான்: "எல்லாரும் சொல்றாங்க டீச்சர்."

"எல்லாரும்னா யாருடா? உங்க மாமாவா? தெருமுனை மைக்செட்டா? பேரச் சொல்லு, எனக்கு அவர்கிட்ட பேசணும்."

அந்த 'எல்லாரும்'தான் டீச்சரின் அப்பாவைக் கவிழ்த்தது. அப்பாவுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அடியில் நல்ல தண்ணீர் இருக்கிறது என்று சொல்லி ஓர் ஆள் வந்தான், கையில் கலர்ப் படம் போட்ட அச்சுத் தாளோடு. "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க," என்றார் அப்பா. துளை போடும் வண்டி வந்தது. போட்டது, போட்டது, போட்டுக்கொண்டே இருந்தது. வந்ததெல்லாம் பாறைத் தூள். அது அப்பாவின் தலையிலும் மீசையிலும் வெள்ளையாகப் படிய, துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார் மனிதர். அப்போது சின்னப் பெண்ணாக இருந்த டீச்சர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுதியவன் பெயர் இல்லை. படம் எந்த ஊர் நிலம் என்று இல்லை. எப்போது அச்சடித்தது என்றும் இல்லை. நிலம் கைவிட்டுப் போனபின் அப்பா யாரையுமே நம்பாத ஆளாகிவிட்டார். மகள் அவ்வளவு தூரம் கெட்டுப்போகவில்லை. கேள்வி கேட்டுவிட்டு நம்பினார்.

நம்பிக் கட்டிக்கொண்டவர் ஒரு பேக்கரி மாஸ்டர். மாவு பொங்கும்வரை காத்திருக்கிற தொழில் அல்லவா, மனிதருக்கு அந்தப் பொறுமை உடம்பிலும் ஊறியிருந்தது. டீச்சர் பள்ளிக்கூடத்துக் கதையை எடுத்துக் கொதித்தால், "சரி, அப்புறம்?" என்பார். மறுபடி கொதித்தால் மறுபடி, "அப்புறம்?" கொதித்து அடங்கியதும், "டீ போடட்டா?" பூகம்பத்தோடு குடித்தனம் நடத்தியும் வீட்டுச் சுவரில் விரிசல் விழாததற்கு இந்த இரண்டு கேள்விகளே காரணம்.

இப்படி இருக்கையில் கல்வி மேலிடம் எல்லாப் பள்ளிகளுக்கும் ஓர் இணைய நூலகத்தைத் திறந்துவிட்டது. அதுவரை பள்ளியில் பாறை என்றால் கண்ணாடி அலமாரியில் லேபிள் உதிர்ந்து கிடந்த ஆறேழு கற்கள்தான். அதில் ஒன்று யாரோ வாசலிலிருந்து பொறுக்கிப் போட்ட ஜல்லி. இப்போது திரையில் எரிமலை வாயைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், நிலநடுக்கம் பதிவான கோடுகளை விரலால் தொட்டுப் பெரிதாக்கலாம், கடலடியின் வரைபடத்தைத் திருப்பலாம். கம்ப்யூட்டர் அறையில் பாதிக் கணினிதான் ஓடும், மீதியில் எலி வாடகை கொடுக்காமல் இருந்தது. ஆனாலும் டீச்சர் முதல் நாள் அந்த அறையில் சிரித்தார். ஜன்னலோரத்துப் பையன் எந்த விரலைக் காட்டுவது என்று தெரியாமல் முழித்தான்.

சிரிப்பு ஒரு வாரம்தான் தாங்கியது. எரிமலை பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார். வகுப்பு முழுவதும் ஒரே கட்டுரை வந்தது. தேடினால் முதலில் எது கண்ணில் பட்டதோ, அது. அதில் ஒருவன் எரிமலைக் குழம்பின் நடுவே, 'மேலும் படிக்க இங்கே அழுத்தவும்' என்று முத்துமுத்தான கையெழுத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தான்.

"அழுத்திட்டேன்டா," என்றார் டீச்சர், தாளைக் கட்டைவிரலால் குத்திக் காட்டி. "ஒண்ணும் திறக்கலையே. உன் மண்டையும் இப்படித்தானா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஒரு பொய்யைச் செய்ய உட்கார்ந்தார். பொய்யைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் நல்ல பொய்யாக ஒன்று வேண்டும். கணவரிடம் கருகிய ரொட்டி ஒன்று கேட்டு வாங்கி, சாக்கின் மேல் வைத்து, பக்கத்தில் அளவுகோலும் வைத்துப் படம் எடுத்தார்.

"என் தொழில்ல கருகினது எப்பவாவது ஒண்ணு. அதைத்தான் உலகத்துக்குக் காட்டணுமா?" என்றார் மாஸ்டர்.

"இது ரொட்டி இல்லீங்க. இனிமே இது பாறை."

பெயர்: நீர்விழுங்கிப் பாறை. எரிமலைகளின் வடக்குச் சரிவில் மட்டும் கிடைக்கும். மழையைக் குடிக்கும், குடிக்கக் குடிக்க எடை குறையும். எழுதியவர் பெயர் கிடையாது, பதிவான தேதி பிப்ரவரி முப்பது. இணைய நூலகத்தில் ஆசிரியர்கள் தங்கள் பாடத்தைத் தாங்களே ஏற்றலாம்; டீச்சர் ஏற்றினார். ஆசிரியர் கண்ணுக்கு மட்டும் தெரியும் குறிப்புப் பெட்டியில், 'இது பயிற்சிக்காகச் செய்த பொய். மாணவர்கள் பிழைகளைக் கண்டுபிடிக்க வேண்டும்' என்று தெளிவாக எழுதிக் கீழே தன் பெயரையும் பள்ளியின் பெயரையும் போட்டார்.

திங்கட்கிழமை வகுப்பு அதைப் பக்தியோடு நோட்டில் எழுதத் தொடங்கியது. எழுதாமல் திரையை முறைத்துக்கொண்டிருந்தது ஒருத்தி மட்டும். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அவளுக்குத் துருவி என்று பெயர். அம்மா துணி ஆலையில் தையல் மெஷினில் உட்காருகிறவர், அப்பா இல்லை.

"டீச்சர், தண்ணி குடிச்சா வெயிட்டு எப்படி டீச்சர் கொறையும்? நான் தினம் வாளி தூக்குறேன். தண்ணி ஊத்த ஊத்தக் கூடத்தான் செய்யுது."

"நல்லா இருக்கே. அப்புறம்?" என்றார் டீச்சர், கணவரின் குரலில்.

"பிப்ரவரியில முப்பது ஏது?"

"அப்புறம்?"

துருவி மூக்கு திரையில் இடிக்குமளவு குனிந்தாள். "டீச்சர், இது பன்னு."

வகுப்பு வெடித்தது. அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அது ஒரு பைத்தியம். யார் எழுதியது, எப்போது எழுதியது, எதை வைத்து எழுதியது, வேறு யார் சொல்கிறார்கள் என்று கண்ணில் பட்ட பக்கத்தையெல்லாம் தோலுரித்தார்கள். கணக்கு வாத்தியாரிடம் போய், "இந்தச் சூத்திரத்துக்கு ஆதாரம் இருக்கா சார்?" என்று கேட்டு வெளியே நின்றார்கள். நின்றவர்களை ஜன்னல் வழியே பார்த்த டீச்சருக்கு மனசு குளிர்ந்துபோனது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

நடுவில் மேலிடம் இணைய நூலகத்தைப் புது வீட்டுக்கு மாற்றியது. புதுத் தளம், புது நிறம், மேலே சுழலும் பூமி உருண்டை. சாமான் ஏற்றும்போது சில்லறைப் பொருள் விழுவது போல ஆசிரியர் குறிப்புகள் மொத்தமும் வழியில் விழுந்துவிட்டன. யாரும் கவனிக்கவில்லை. பொய் மட்டும் புது வீட்டில் மெய்களோடு வரிசையில் உட்கார்ந்துகொண்டது.

ஆண்டு இறுதிப் பொதுத்தேர்வு. புவி அறிவியல் தேர்வு முடிந்து பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்கள்.

"டீச்சர், உங்க பன்னு வந்திருக்கு டீச்சர்."

கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தார். 'நீர்விழுங்கிப் பாறையின் பண்புகளை எழுதுக.' படமும் உண்டு. மாஸ்டரின் ரொட்டி, அளவுகோலோடு. மதிப்பெண் ஐந்து. டீச்சரின் முகத்தைப் பார்த்த ஜன்னலோரத்துப் பையன் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"நீங்கள்லாம் என்ன எழுதினீங்க?"

"பண்புகள்தான் டீச்சர்," என்றான் வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவன். "வடக்குச் சரிவு, மழை குடிக்கும், எடை கொறையும்."

"பொய்னு தெரியுமில்ல?"

"தெரியும் டீச்சர். ஆனா கேட்டது பாறையப் பத்திதான. உண்மையப் பத்தி இல்லையே. அஞ்சு மார்க்கு டீச்சர்."

அடி விழுந்த இடத்தைத் தடவக்கூட டீச்சருக்குத் தோன்றவில்லை. நூலகத்தைத் திறந்து பார்த்தார், தன் குறிப்பைக் காணோம். கேள்வி எடுத்தவன் மேல் கோபம், தளம் மாற்றியவன் மேல் கோபம், வகுப்பு மேல் கோபம். அதற்கெல்லாம் அடியில், பாறைத் தூள் படிந்து நின்ற ஒரு மனிதரின் முகம். அந்தத் தாளை அச்சடித்தவன் வேறு யாரோ. இதைச் செய்தது தன் கை. வீட்டில் அன்று, "அப்புறம்?" என்று மாஸ்டர் இரண்டு முறை கேட்டார். டீயும் ஆறிப்போனது. தேர்வு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். கிணற்றில் போட்ட கல்.

முடிவுகள் வந்தபோதுதான் தெரிந்தது, வகுப்பில் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி எழுதியிருக்கிறாள் என்று. துருவியின் பெயருக்கு நேரே 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது'. அவள் எழுதியது இது: 'இப்படி ஒரு பாறை கிடையாது. தண்ணீர் குடித்த பொருளின் எடை கூடும், குறையாது. படத்தில் இருப்பது கருகிய ரொட்டி. கேள்வி எடுத்தவர் ஆதாரம் பார்க்கவில்லை.' கடைசி வரி திருத்தியவரைச் சுட்டுவிட்டது. விடைத்தாளில் ஒழுங்கீனம்; நேரில் வந்து மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் முடிவு வெளியாகும்.

தலைமை ஆசிரியர் நெற்றியைத் தேய்த்தார். "கிணறு வெட்டப் பூதம் கெளம்பின கதையா ஆயிடுச்சு டீச்சர். ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"எதுக்கு சார் மன்னிப்பு? உண்மையச் சொன்னதுக்கா?"

"உண்மையச் சொன்னதுக்கு இல்லம்மா. சொன்ன எடத்துக்கு."

துருவியின் அம்மா ஆலையிலிருந்து நேராக வந்திருந்தார், தலையில் நூல் துணுக்குகளோடு. "எனக்கு லீவு கெடைக்காது டீச்சரம்மா, நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க. மேல்படிப்புக்கு எடம் சொல்லி வச்சிருக்கு. வெள்ளிக்கெழமைக்குள்ள ரிசல்ட்டு காட்டலைன்னா வேற பிள்ளைக்குப் போயிடும். அப்புறம் இவ என் பக்கத்து மெஷின்லதான் உட்காரணும்." மகளைப் பார்த்தார். "ரெண்டு வரி எழுதினா கை ஒடஞ்சா போகும்?"

"பாறை இருக்குன்னு எழுதச் சொல்றாங்கம்மா."

"இருந்துட்டுப் போகட்டுமேடி. நமக்கு என்ன எடஞ்சல் பண்ணுது?"

வியாழக்கிழமை மதியம் இருவரும் தேர்வு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே அலுவலர். குரலில் எண்ணெய் தடவிய மனிதர். எதற்கெடுத்தாலும் 'இருங்கம்மா' என்பார். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, மறுபடி வளைத்து, மறுபடி நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் பாறையச் செஞ்சதே நான்தான்," என்றார் டீச்சர். "பயிற்சிக்காகன்னு குறிப்பு போட்டிருந்தேன். நீங்க தளத்த மாத்தினப்போ அது காணாமப் போச்சு."

"இருங்கம்மா. குறிப்பு எங்க?"

"அதான் சொல்றேனே, காணோம்."

"காணாமப் போனதை நான் எப்படிம்மா பாக்குறது?" சிரித்தார். "பாறை இல்லைங்குறதுக்கு ஏதாவது ஆதாரம்?"

"இல்லாத பாறைக்கு எங்க சார் போய் ஆதாரம் எடுக்குறது? இருக்குன்னு சொல்றவங்கதான் காட்டணும்."

"காட்டுறேன், இருங்கம்மா." திரையைத் திருப்பினார். நூலகத்துப் பக்கம். அது போதாதென்று வேறு மூன்று தளங்கள்: ஒரு டியூஷன் நிலையம், ஒரு பொது அறிவுப் பக்கம், ஒரு கேள்வி-பதில் தொகுப்பு. மூன்றிலும் நீர்விழுங்கி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. "பாத்தீங்களா? மூணு பேர் சொல்றாங்க. வேற யார் சொல்றாங்கன்னு பாக்கணும்னு நீங்கதான் பாடம் எடுக்குறீங்களாமே? பாத்தாச்சு. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

டீச்சரின் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. தன் கையிலிருந்த கம்பையே பிடுங்கித் தன் முதுகில் போடுகிறான் இந்த ஆள்.

"சார்," என்றாள் துருவி.

"நீ இரும்மா. கடிதம் எழுதிட்டியா?"

"ஒரு சந்தேகம் சார். மூணு பேர் விடைத்தாள்ல ஒரே எடத்துல ஒரே தப்பு இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"காப்பி," என்றார் அலுவலர். இத்தனை வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. "மூணையும் நிறுத்தி வைப்போம்."

"மூணுலயும் தேதியப் பாருங்க சார். பிப்ரவரி முப்பது."

கிளிப் நின்றது. அலுவலர் முதல் தளத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதை மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அப்ப மூணு பேர் இல்ல சார். ஒருத்தரத்தான் மூணு பேரும் எட்டிப் பாத்து எழுதியிருக்காங்க. நிறுத்தி வைக்கணும்னா அவங்களைத்தான் வைக்கணும். என்னை எதுக்கு வச்சிருக்கீங்க?"

நல்ல மனிதராக இருந்தால் அந்த இடத்தில் சிரித்திருப்பார். இவர் எழுந்து உள்ளறைக்குப் போனார். உள்ளே நெடுநேரம் போன் பேச்சு. திரும்பி வந்தபோது கையில் தட்டச்சு செய்த ஒரு தாள்.

"மன்னிப்புக் கடிதம் வேணாம். அந்தக் கேள்விக்கு இந்தப் பொண்ணுக்கும் அஞ்சு மார்க் கருணை மதிப்பெண்ணா போட்டுடலாம். ரிசல்ட்டு இன்னைக்கே வந்துடும். நீங்க இதுல ஒரு கையெழுத்து போட்டா போதும் டீச்சர்."

தாளில் எழுதியிருந்தது: 'பொறுப்பின்றித் தவறான தகவலை இணைய நூலகத்தில் பதிவேற்றியதற்காக வருந்துகிறேன்.' குறிப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. கேள்வி எடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எய்தவனை விட்டு அம்பைத் தூக்கில் போட்டிருந்தார்கள்.

"அந்தப் பக்கம்?" என்றார் டீச்சர். "அதை எடுத்துடுவீங்க இல்ல?"

"இருங்கம்மா. எடுத்தா, எதுக்கு எடுத்தீங்கன்னு கேப்பாங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அடுத்த வருஷப் பிள்ளைங்க படிப்பாங்களே சார்."

"படிக்கட்டும். பாறைதானேம்மா?"

டீச்சர் துருவியைப் பார்க்கவில்லை. தையல் மெஷின்களின் இரைச்சல் மட்டும் காதில் கேட்டது. ஆலைக்குள் அவர் போனதே கிடையாது, ஆனாலும் கேட்டது. பேனாவை வாங்கினார். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. துருவி உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காருடி."

"வேணாம்."

"என்னடி கோபம்?"

"எதுக்கு டீச்சர் கையெழுத்து போட்டீங்க?"

"உன் ரிசல்ட்டுக்குத்தான்."

"நான் கேட்டேனா?" குரல் உடைந்துபோயிருந்தது. முன் சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தார். "கருணை மார்க்காம். நான் சரியா எழுதினேன் டீச்சர். எனக்கு எதுக்கு அவங்க கருணை? அவங்க எல்லாரும் நல்லவங்களாயிட்டாங்க, நீங்க பொறுப்பில்லாதவங்க ஆயிட்டீங்க, பன்னு பாறையாவே இருக்கு. இதுக்கா வந்தோம்?"

வாழ்நாள் முழுவதும் கோபப்படும் இடத்தில் உட்கார்ந்தே பழகியவர் டீச்சர். எதிர்ப்பக்கம் இப்படித்தான் இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பரவாயில்லை என்று பட்டது. இன்னும் நாலு திட்டு திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"உங்கம்மா பக்கத்துல உன்னை உட்கார வைக்க எனக்கு மனசு வரலடி," என்றார் கடைசியில், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே. "வேற ஒண்ணும் இல்ல."

துருவி மூக்கை உறிஞ்சினாள். பிறகு உட்கார்ந்தாள், ஆனால் சீட்டின் நுனியில். அம்மா கொடுத்தனுப்பிய கீறல் விழுந்த போனை எடுத்து முடிவுப் பக்கத்தைத் திறந்தாள். மூடினாள். திறந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அவள் கட்டைவிரல் நின்றது.

"டீச்சர்."

"என்ன?"

"வந்துடுச்சு. பாஸ்."

டீச்சர் போனைப் பிடுங்கிப் பார்த்தார். பெயர், எண், எல்லாப் பாடமும், கீழே தேர்ச்சி. இரண்டு முறை படித்தார். கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டார். ஜன்னல் கண்ணாடி மூடித்தான் இருந்தது.

"அதை உடனே அம்மாவுக்கு அனுப்பு. படம் எடுத்தும் வச்சுக்கோ."

"அனுப்பிட்டேன். அந்தக் காலேஜுக்கும் அனுப்பிட்டேன்." துருவி டீச்சரின் முகத்தைத் துருவினாள். "இனிமே அவங்களால இதைத் திருப்பி வாங்க முடியாதுல்ல டீச்சர்?"

"வெளியிட்டதை எப்படி வாங்குவாங்க? அசிங்கப்பட்டுப் போவாங்க."

"அப்ப திரும்பிப் போலாமா?"

"எங்க?"

"அங்கதான். நீங்க போட்ட கையெழுத்து பொய்னு எழுதிக் குடுக்கலாம். குறிப்பு போட்டது, அது காணாமப் போனது, எல்லாத்தையும். பன்னை எடுக்குற வரைக்கும் அங்கயே உக்காரலாம். இன்னும் ஆபீஸ் மூடியிருக்க மாட்டாங்க."

டீச்சர் அவளைப் பார்த்தார். வேலைக்கு என்ன ஆகும், தலைமை ஆசிரியர் நெற்றியில் எத்தனை கோடு விழும், எல்லாம் ஒரு சுற்று சுற்றி வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. கழுத்து நரம்பு மெதுவாகப் புடைத்தது.

"கண்டக்டர், பஸ்ஸ நிறுத்துங்க."

"இங்க ஸ்டாப்பு இல்லம்மா."

"நான் எறங்குற எடம் ஸ்டாப்புதான். நிறுத்துங்க."

பஸ் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி ஏதோ முணுமுணுத்தார். டீச்சர் கீழே இறங்கி நின்று, அவருக்கு இரண்டு நிமிஷம் பதில் சொன்னார். துருவி அதற்குள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்க நிறுத்தத்துக்கு ஓடி, தூரத்தில் வந்த பஸ்ஸுக்குக் கையை வீசிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர், அவரை அப்புறம் திட்டிக்கலாம்."